கள்ளன் தேடி வந்த கலை

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் அனைவருக்கும் மிகுந்த பொறுப்புணர்வுடன் அறியத்தருவது யாதெனில்: கோப்பாயில் கலை களவு போய்விட்டது.

வாகீசன் முகநூலில் இப்படித்தான் எழுதினார். எழுதும்போது அவருக்குக் கண் கலங்கவில்லை, நெஞ்சு விரிந்தது. ஊரில் சங்கிலி களவு போகும், சைக்கிள் களவு போகும், சினைப்பட்ட ஆடுகூடக் களவு போகும். ஒரு கலைஞனின் படைப்புக் களவு போவதற்கு அந்த ஊர் அதுவரை கொடுத்து வைத்திருக்கவில்லை.

பழைய புத்தகங்களை வெட்டி, மடித்து, ஒட்டி, மேலே துருப்பிடித்த ஆணியும் பஸ் ரிக்கற்றும் பனந்தும்பும் பதித்துக் கலை செய்கிறவர் வாகீசன். கொஞ்சக் காலமாக அவர் கைவைப்பது கல்வெட்டில். கல்லில் வெட்டியதல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிள்ளைகள் அச்சடித்து, வந்த சனத்துக்கெல்லாம் கொடுக்கும் நினைவு மலர். முகப்பில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றில் இதுவரை ஒரு கெட்டவரும் செத்ததில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். "ஒரு பெட்டி முழுக்கக் கிடக்கு, அப்பிடியே கொண்டுபோங்கோ" என்றால் முகம் சுளிப்பார்.

"ஒண்டு காணும், மிச்சம் வேண்டாம். ஒவ்வொரு தாளும் எனக்குத் தனி உயிர்."

வாங்கிய பிறகு செத்தவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். தாளின் தடிப்பை மட்டும் தடவிப் பார்ப்பார்.

அப்படிப் பிறந்ததுதான் 'மௌனத்தின் முள்ளந்தண்டு'. விசிறிபோல மடித்த கல்வெட்டுகளைச் சைக்கிள் றிம் ஒன்றில் சுற்றிக் கட்டியது. கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினார். "பார்த்தோம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் மருதனார்மடம் சந்தைக்குப் போய்த் திரும்பினால், வேலை அறையின் சன்னல் கொளுக்கி கழன்று கிடந்தது. கள்ளன் கிளறிய கிளறலில், முழங்கால் அளவு கிடந்த தாள் குவியல் இடுப்பளவு எழும்பியிருந்தது. முள்ளந்தண்டைக் காணவில்லை.

"உந்தச் சாமானை ஆர் எடுக்கப்போறான்?" என்றாள் மனைவி ஜெயனி. "பக்கத்திலை தண்ணி மோட்டர் கிடக்கு, புத்தம் புதுசு. அதை விட்டிட்டு உந்தக் கந்தலையோ தூக்கினவன்?"

"உமக்கு விளங்காது. வந்தவன் ரசனை உள்ள கள்ளன்."

"ரசனை உள்ளவன் ஏன் இஞ்சை வாறான்?"

செய்தி பத்திரிகையில் வந்தது. கோயிலில் தர்மகர்த்தா தம்பிஐயா, "எடுத்தவன்ரை கை விளங்காமல் போக!" என்று கற்பூரத்தின் முன் நின்று சபித்தார். கொழும்புக் காட்சிக்கூடமே தொலைபேசியில் பேசியது. களவு உண்மை என்று தெரிந்து கள்ளனும் பிடிபட்டால், வாகீசனுக்கு ஒரு முழுச் சுவர் ஒதுக்குவார்களாம்.

வாகீசன் வாழ்நாளில் கேட்டதெல்லாம் ஒரு சுவர்தான். சொந்த வீட்டிலேயே ஜெயனி ஒன்று கொடுக்கவில்லை.

கள்ளனும் கைவிடவில்லை. வாகீசன் சந்தைக்குப் போகும்போதெல்லாம் கொளுக்கி கழன்றது. குவியல் இன்னும் குழம்பி உயர்ந்தது. "திரும்பத் திரும்ப வாறான்" என்று சொல்லும்போது அவர் குரலில் மருமகன் வரவைச் சொல்லும் மாமனாரின் பெருமை இருந்தது.

கடைசியில் பொறி வைத்தார். "அச்சுவேலிக்குப் போறன், பின்னேரம்தான் வருவன்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்திவிட்டுப் புறப்பட்டார். சந்தியில் ஒரு பொலிஸ்காரரை ஏற்றிக்கொண்டு பின்வேலியால் திரும்பிவந்து, கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் பதுங்கினார். சற்று நேரத்தில் அறைக்குள் தாள் சரசரத்தது. இருவரும் பாய்ந்தார்கள்.

உள்ளே ஒரு கையில் சாக்கின் வாயும், மறு கையில் ஒரு கட்டுக் கல்வெட்டுமாக நின்றவர் தர்மகர்த்தா தம்பிஐயா.

"ஐயா, நீங்களோ!"

வாகீசன் அதிர்ந்தது வெளியே மட்டும்தான். உள்ளே நாதஸ்வரம் தவிலோடு முழங்கியது. தர்மகர்த்தாவே களவெடுக்கும் கலை! இனி ஒரு சுவர் போதாது.

"தம்பி, ஊருக்குச் சொல்லிப்போடாதையும். கோயிலிலை என்ரை மரியாதை போயிடும்." தம்பிஐயாவின் திருநீறு வியர்வையில் ஒழுகியது.

"கலையிலை இவ்வளவு ஆசையெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே, ஐயா?"

"கேட்டனான்தானே. ஒண்டு காணுமெண்டு சொல்லிப்போட்டீர்."

பொலிஸ்காரர் சாக்கைக் கவிழ்த்தார். விழுந்த கல்வெட்டு எல்லாவற்றிலும் ஒரே மனுசி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரிது?"

"என்ரை அம்மா. கனடாவிலை இருக்கிற என்ரை தம்பி ஆயிரம் அடிப்பிச்சுப்போட்டான், வந்த சனம் நூறு. குப்பையிலை போடுவமெண்டால் அம்மாவின்ரை முகம். எரிப்பமெண்டால் உள்ளுக்குத் தேவாரம். இஞ்சை கொண்டுவந்து போட்டால் பாவம் இல்லையெண்டு சனம் கதைச்சுது." தம்பிஐயா குரலைத் தாழ்த்தினார். "நான் கடைசி ஆள், தம்பி. மற்ற வீட்டுக்காரர் எல்லாம் எனக்கு முந்தியே வந்திட்டினம்."

பொலிஸ்காரர் குனிந்து குவியலை அள்ளி அள்ளி ஒதுக்கினார். ஊரில் செத்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டுக் கட்டாக வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் அடியில், நசுங்கிச் சப்பளிந்துபோய், 'மௌனத்தின் முள்ளந்தண்டு' கிடந்தது.

அந்த அறைக்குள் களவாக வந்த ஒருவரும் அங்கேயிருந்து ஒரு தாளும் எடுத்துப்போகவில்லை.