ஏட்டுக்கு மாற்றல்

“அங்கயே நில்லு ஞானையா. உள்ள கேற வேண்டாம்.”

சுகிர்தபாய் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. உதியன்குளங்கரை ஊர்வலத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் வாய் திறந்து பேசியது இதுதான் முதல் தடவை. திட்டாகவே இருந்தாலும் பேசிவிட்டாளே என்றிருந்தது ஞானையனுக்கு.

ஏட்டு ஞானையன் அன்றைக்குக் காக்கி உடுப்பில் வரவில்லை. சர்ச்சுக்குப் போன வெள்ளை வேட்டி சட்டையோடு அப்படியே வந்திருந்தார். கேரள மாநிலம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அது. பாறசாலையில் காலையிலிருந்தே மழை. ஓலைக்கூரைத் தண்ணீர் முதுகில் சொட்டச் சொட்ட அவர் நின்றார்.

“எனக்கு மாற்றல் ஆயாச்சு அக்கா. நாளைக்குப் போறேன். பறஞ்சிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“போ. ஆரு தடுத்தா?”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ராஜதாஸ் வந்தார். சுகிர்தபாயின் புருஷன். ஒரு காலத்தில் தனுவச்சபுரம் வாத்தியார்மார்களெல்லாம் சட்டைத்துணியோடு தேடி வந்த தையல்காரர். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன அன்றைக்கு அவருடைய வலது கை ஒடிந்தது. வைத்தியர் கட்டியும் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையால் துணியைப் பிடித்து ஓட்ட முடியாது. அதனால்தான் மிஷினில் இப்போது சுகிர்தபாய் உட்காருகிறாள்.

ஒடித்தது யாரோ அயலூர்ப் போலீஸ் என்றால் மனசு ஆறிப்போயிருக்கும். லத்தியை ஓங்கியவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

“ஏட்டய்யாவா? வரணும், வரணும்,” என்றார் ராஜதாஸ். “இஞ்ச இனி ஊர்வலம் ஒண்ணும் கிடையாதே. எல்லாம்தான் முடிஞ்சு போச்சே.”

முடிந்துதான் போயிருந்தது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்குப் போயின. பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகாவோ கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லை களியக்காவிளையில், நடந்து போகிற தூரம். அங்கே கொண்டாட்டத்துக்கு வெடி போட்டதை ராஜதாஸ் இங்கே பாயில் கிடந்து கேட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

“அத்தான், பின்னால நிண்ணு இன்ஸ்பெக்டரு அடி அடின்னு சத்தம் போடுதாரு. நான் அடிக்கல்லன்னா பக்கத்தில நிண்ணவன் ஒங்க தலையில போட்டிருப்பான். அதுக்காக்கும் நான் கையில…”

“அப்ப கைய ஒடிச்சதுக்கு நாங்க நன்றி பறயணுமா?” என்றாள் சுகிர்தபாய்.

அந்த ஒரு அடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் ஞானையன் உத்தியோகத்தையே விட்டிருப்பார். எத்தனை நாள் இந்த வீட்டு முன்னால் சைக்கிளை மெல்ல மிதித்துப் போயிருப்பார்! ஒரு தடவையாவது அக்காள் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டுதான் போவார். கூப்பிட்டால் போதும், அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

“செரி, எங்கயாக்கும் மாற்றல்?” என்று கேட்டார் ராஜதாஸ்.

ஞானையன் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன, ஒண்ணும் பறயாம நிக்க? புதுசா மலபாரும் சேந்திருக்கே, அங்கயா?”

அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. ராஜதாஸின் முகம் மெல்ல இளகியது.

“காசர்கோட்டுக்கா தட்டினாங்க? அம்மாடி. ஒனக்க பேச்சு கேக்க அங்க ஒரு ஆளு இருக்காதே மக்கா. அடிச்ச ஒன்னையும் தூக்கிக் கடாசிட்டாங்க பாத்தியா. இப்ப நீயும் எங்ககூடத் தோத்த ஆளாக்கும்.”

அத்தான் வாயிலிருந்து ‘மக்கா’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏட்டின் கண் நிறைந்துவிட்டது. சுகிர்தபாய் எழுந்து வந்து ஒரு துவர்த்துத் துண்டை அவர் மேல் எறிந்தாள்.

“தலையத் தொவட்டு. கேறி வந்து இரி. இனி எப்ப வருவியோ.”

அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தட்டில் வந்தன. எதிரே ராஜதாஸ் உட்கார்ந்து, நல்ல கையால் இன்னொரு மீன் துண்டை எடுத்து மச்சினன் தட்டில் வைத்தார்.

“தின்னு. கோவம் எல்லாம் செரியாச்சு.”

ஞானையன் ஒரு துண்டு கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தார். பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனால் இரண்டு பேரும் நடைவரை வந்து வழியனுப்புவார்கள். வாய் திறந்தால் இந்தத் தட்டு மறுபடி கிடைக்காது. வேறு யார் வாயிலிருந்தாவது அவர்கள் கேட்பதைவிடத் தானே சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

“அக்கா, மலபாருக்கு இல்ல.”

“பின்ன?”

“எந்த மாநிலத்தில வேல பாக்கணும்னு போலீசுகாரங்ககிட்ட முன்னமே கேட்டாங்க. நம்ம பாறசாலையும் எப்படியும் அந்தப் பக்கம் போவும், ஒங்ககூடவே இருந்து செஞ்ச பாவத்தத் தீத்துக்கலாம்னு நெனச்சு எழுதிக் குடுத்தேன்.” ராஜதாஸின் கோணல் கையைப் பார்க்க முடியாமல் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாளையிலேந்து களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் டூட்டி… நீங்க கேட்ட தமிழ்நாட்டுக்கு நான் போலீசாயிட்டேன் அத்தான்.”