வளையலுக்கு மட்டும் பதில்

வளையலைக் கழற்ற மாட்டேன் என்று கனி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இந்த மாதிரிக் கைகளை அவள் நிறையப் பார்த்திருப்பாள்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். நாள் தாண்டிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது. இன்றைக்கே மருந்து ஏற்றி வலி வரவைக்கலாம். இல்லையென்றால் தினமும் வந்து காட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இப்போதைக்கு ரெண்டிலும் தப்பில்லை. மற்றவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குள் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள்.

மருந்து ஏற்றுவதென்றால் கையில் ஊசி குத்த வேண்டும். வளையல் இருக்கக் கூடாது.

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள். முழங்கை வரை சிவப்பும் பச்சையும். பிள்ளை பிறக்கும் முன்னே கழற்றக் கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம். ஆனால் கனி அதற்காக அடம்பிடிக்கவில்லை.

வளையல் குலுங்கக் கையை ஆட்டினால் வயிற்றுக்குள் இருப்பது உதைக்கும்.

காலையில் காபி குடித்ததும் ஒரு ஆட்டு. ஒரு உதை. துணி காயப்போடும்போது சும்மாவே இன்னொன்று. தாயும் பிள்ளையும் மாதக்கணக்கில் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் புருஷனிடம் மட்டும் அது பேசாது.

அவன் மைக்செட்காரன். கோவில்பட்டியைச் சுற்றி எங்கே கல்யாணம், காதுகுத்து என்றாலும் முதல் சத்தம் அவனுடையதுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். வயிறு கம்மென்று இருக்கும்.

"உங்க சத்தம் ஊருக்குத்தான். எங்களுக்கு இல்ல" என்று கனி சிரிப்பாள்.

இன்றைக்குச் சிரிக்கவில்லை.

தானாக வரட்டும் என்பதே அவள் ஆசை. தூங்குகிற பிள்ளையை யாராவது உலுக்கி எழுப்புவார்களா? போனில் "இன்னுமா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல்தான் இறங்கிக்கொண்டே வந்தது.

அவனோ கேட்டபோதெல்லாம் உன் இஷ்டம் என்றான். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான், பைத்தியக்காரன்.

இப்போதும் அதையே சொன்னான்.

"உன் இஷ்டம், கனி."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"எல்லாத்தையும் என் தலையில போடாதீங்க. உங்களுக்கு என்ன தோணுது? அதைச் சொல்லுங்க."

ஸ்பீக்கர் கரகரத்தால் எந்த வயரைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே எதைத் தொடுவது?

"பயமா இருக்கு" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ தூங்குன பெறகு மெதுவா உன் கையைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கேன். வளையல் சத்தத்துக்கு அது உதைக்குதான்னு. உதைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் எங்க தூங்குனேன்? எனக்கும் பயந்தான்."

வெளியே யாரோ யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டார்கள்.

முந்தானைக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. அவன் முன்னால் நீண்டன.

"கழட்டுங்க. உடைச்சிராதீங்க."

கை வீங்கியிருந்தது. ஓடிப்போய் நர்ஸிடம் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் சோப்பு நுரை அள்ளி வந்தான். மெல்லிய வயரைப் பிரித்துப் பழகிய விரல்கள். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாவற்றையும் தன் துண்டில் வைத்து முடிந்தான்.

அவள் பழக்கத்தில் கையை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நாம இங்கதான் இருக்கோம்னு இனி அதுக்கு எப்படித் தெரியும்?"

அவன் துண்டு முடிச்சை எடுத்து ஆட்டிப் பார்த்தான். அரிசி மூட்டையைத் தட்டினது போல் ஏதோ கேட்டது. வயிறு அசையவில்லை. வெட்கத்தோடு கீழே வைத்தான்.

பிறகு குனிந்து, அவள் வயிற்றோடு கன்னத்தை வைத்தான்.

நர்ஸ் டிரேயோடு வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரி ஆயிற்றே. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சத்தத்தைக் குறைத்தான். கனிக்கே பாதிதான் கேட்டது.

"ஹலோ… மைக் டெஸ்டிங்… ஒன்… டூ…"

மூன்றாவது, உதையாக அவன் கன்னத்தில் விழுந்தது.