கைகளைப் பார்க்கிறவர்

"அண்ணி, உள்ளே போனதும் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. தப்பித்தவறிக்கூட நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க."

நாத்தனார் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். மாற்றுத்திறனாளி உதவித்தொகை அலுவலகத்தின் நடைக்கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தையல்காரி கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.

"மரியாதைக்குக் கேக்கறவங்ககிட்ட வேற என்னதான் சொல்றது?"

"செத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க. போன தடவை மரியாதை பார்த்துத்தானே மாட்டிக்கிட்டீங்க!"

உண்மைதான். போன முறை பரிசோதித்த டாக்டர் கேட்டதும் பழக்கதோஷத்தில் 'நல்லா இருக்கேன்' என்றுவிட்டாள். நடுவில் அவருடைய பேனா கீழே விழுந்தது. பெரிய மனுஷர் குனியக் கூடாதே என்று இவளே எடுத்துக் கொடுத்தாள். அதன்பிறகு இரண்டு நாள் சீப்பைப் பிடிக்க முடியாமல் நாத்தனார்தான் வந்து தலைவாரி விட்டாள். அது யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில் மற்ற இரண்டும் தவறாமல் இருந்தன. 'நலமாக இருப்பதாக விண்ணப்பதாரரே தெரிவித்தார். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தார். உதவித்தொகை மறுக்கப்படுகிறது.'

ஆடைக் கம்பெனியில் பதினெட்டு வருடம் தையல் மிஷின் ஓட்டியவள். நான்கு வருடமாக முடக்குவாதம். காலையில் கண் விழிக்கும்போது, விரல்களை யாரோ இரவல் வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தராதது போல இருக்கும். பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். சில நாள் வராமலே போய்விடும். இன்றைய மேல்முறையீடுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் மறுபடி மிஷினில் போய் உட்கார வேண்டியதுதான். சூப்பர்வைசர் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பார். மறுநாள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

"இன்னொன்னு அண்ணி. இந்த ஆபீசர் கையையேதான் பார்ப்பாராம். இதைப் பிரி, அதைத் திருப்புன்னு வேலை வாங்குவாராம். போன வாரம் வந்துட்டுப் போனவங்க சொன்னாங்க. எதையும் தொடாதீங்க. பொம்மை மாதிரி உக்காந்துட்டு வாங்க."

"பொம்மைக்கு உதவித்தொகை குடுப்பாங்களா?"

"உடம்பெல்லாம் வாதம் வந்தும் இந்த வாய்க்கு மட்டும் வரலை பாருங்க!"

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் மேஜைக்கடியில் மடிமேல் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லக்கூடக் கையை நீட்டவில்லை. தாடையை லேசாக அசைத்ததோடு சரி.

"எப்படி இருக்கீங்க?"

நாக்கின் நுனிவரை வந்துவிட்டதை விழுங்கினாள். "முடியலை சார்."

"ம். அந்த ஃபைலைப் பிரிங்க."

நாடா போட்டுக் கட்டிய ஃபைல் அவள் முன்னால் கிடந்தது. நல்ல இறுக்கமான முடிச்சு. ஆரம்பித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது சார்."

"மெதுவாப் பிரிங்க. ஒண்ணும் அவசரமில்லை."

பிரித்தால் முடிகிறது என்று எழுதுவார். பிரிக்காவிட்டால் நடிக்கிறாள் என்று எழுதுவார். நாத்தனார் இதற்கு வழி சொல்லித் தரவில்லை. சலித்துப்போய்க் குனிந்து, நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"பல்லுதான் வசதி" என்றார் அவர்.

குத்திக்காட்டுகிறாராம். அவளுக்குக் காது சுட்டது.

"டாக்டர் சர்டிபிகேட் வரைக்கும் திருப்புங்க."

உள்ளங்கையால் ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளித் திருப்பினாள். அவர் அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலையில வெந்நீர்ல கையை வைப்பீங்களா?"

"வைப்பேன்."

"எவ்வளவு நேரத்துல விரல் மடங்கும்?"

"ஒரு மணி நேரம் ஆகும். குளிர் நாள்ல அதுவும் கிடையாது."

"சட்டைப் பட்டன்?"

"நாத்தனார் வந்து போட்டுவிடுவா. வராத அன்னிக்குப் பட்டன் இல்லாத துணி."

"வேலைக்குப் போகலைன்னதும் வீட்ல என்ன சொன்னாங்க?"

இதெல்லாம் எந்தப் படிவத்தில் இருக்கிறது? இவ்வளவு தோண்டி எங்கே கொண்டுபோய்ச் சிக்கவைக்கப் போகிறார்?

"ரெண்டு மாசம் பரிதாபப்பட்டாங்க. அப்புறம் பழகிட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குப் பொறுமை தீர்ந்தது.

"சார், நீங்க எழுதறதை எழுதிக்குங்க. ஆனா ஒரே ஒரு நாள் இந்தக் கையை வெச்சுக்கிட்டு உங்க நாற்காலியில உக்காந்து வேலை பாருங்க. அப்புறம் தெரியும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காரியம் கெட்டது. எழுந்திருக்க மேஜையைப் பிடித்தாள்.

"உக்காருங்க. கதவு சாத்தியிருக்கா?"

திரும்பிப் பார்த்தாள். "சாத்தித்தான் இருக்கு."

"உங்க மேல்முறையீட்டை ஏத்துக்கிட்டாச்சு. அடுத்த மாசத்துலேருந்து உதவித்தொகை வரும்."

அவள் பிடித்த மேஜையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் மேஜை ஓரத்திலிருந்த ரப்பர் ஸ்டாம்ப்பையும் மைப்பெட்டியையும் முழங்கையால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"என் கையெழுத்துதான் அந்த ஸ்டாம்ப்புல இருக்கு. நீங்களே குத்திடுங்கம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு எனக்கு ஒரு விரல்கூட மடங்கலை... வெளியில சொல்லிடாதீங்க, ஆறு வருஷமா இங்க யாருக்கும் தெரியாது."