ஒன்றாம் எண்

மரபணுவைப் படிக்கும் கருவியை அரசு ஆய்வகத்தில் ஏழு வருடம் மல்லுக்கட்டி உருவாக்கியவள், அதன் உரிமத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கும் தாளில் கையெழுத்திடப் பேனாவைத் திறக்கிறாள். ஏசி உறுமுகிறது. எதிரே கம்பெனிக்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். கருவியோடு சேர்ந்து கைமாறும் சோதனைப் பதிவுகளின் பட்டியல் அது. முதல் வரியில் அவர் விரல் நிற்கிறது. அவள் கையிலிருந்து நழுவிய பேனா மூடி கண்ணாடி மேசையில் கடகடவென்று உருள்கிறது. கருவியை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று, சோதனைக்கான எச்சில் மாதிரி வந்து சேரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று, தன் மகளின் வாயில் பஞ்சால் துழாவி எடுத்துக் கருவிக்குக் கொடுத்தாள். பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். "இந்த ஒண்ணாம் நம்பர் யாரு மேடம்?" "யாரோ... ஞாபகமில்ல சார்." அவர் சிரித்தபடி மூடியை எடுத்து நீட்டுகிறார். "பரவாயில்ல, நாங்களே கண்டுபிடிச்சுக்குறோம். அதுக்குத்தானே வாங்குறோம்."