எல்லைக்கு வெளியே ஓர் அழுகை

என் கணவர் அறவாழி அமைச்சராக இருந்தபோது எழுதிய சட்டம் அது. ஒரு வீட்டில் துயரம் என்றால், அரசு மாட்டிய மீட்டரில் அந்தத் தெரு முழுவதற்குமான மகிழ்ச்சி அளவும் இறங்கும். இறங்கிய தெருவுக்குத் தண்ணீர் குறையும்.

"அப்போதாவது பக்கத்து வீட்டுக்காரன் வந்து என்னவென்று கேட்பான்" என்பார். மனிதர்கள் நல்லவர்கள், அவர்களுக்கு ஒரு காரணம் மட்டும் வேண்டும் என்று கடைசிவரை நம்பினார்.

அவரைத் தகனம் செய்த மறுநாள் காலை, அவர் நினைத்தபடியே தெருவே திரண்டு வந்தது. எதிர்வீட்டு செண்பகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழாய்ல காத்துதான் வருது. ஊர் எல்லையத் தாண்டி அழுதா மீட்டர்ல ஏறாதாம். ஆட்டோ சொல்லியிருக்கோம்."

தூக்குவாளியில் இட்லியும் வைத்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

சுங்கச்சாவடிக்கு அப்பால், புளியமரங்களின் கீழே, பல தெருக்களிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"யாரும்மா போனது?"

"வீட்டுக்காரர்."

"எனக்கு மகன்" என்றவள், என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இங்க வாய்விட்டு அழு தாயி, யாரும் கேக்க மாட்டாங்க. இப்படி ஒரு சட்டத்தப் போட்டானே பாவி, அவன் செத்தா அழ ஒரு நாதி இருக்குமா?"

நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.