பாடம் பார்க்க வந்த நாள்

பயிற்சிக் கல்லூரி மேடம் பாடம் பார்த்து மார்க் போட வரும் காலையில், தலைமையாசிரியை இரண்டாம் வகுப்பின் ‘அரும்பு’ப் பிள்ளைகள் நான்கு பேரையும் எழுப்பிச் சத்துணவுக் கூடத்துக்குக் கீரை உருவ அனுப்பிவிட்டார். எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளைகள். “இதுகள முன்னால வச்சுக்கிட்டு நீ எப்படி தாயி பாஸாவ? மேடம் கேட்டா, இங்க அரும்பே இல்லன்னுரு.” பயிற்சி ஆசிரியை ஜெபராணி தலையாட்டினாள். கல்குவாரியில் அப்பன் உடம்பை உடைத்துப் படிக்கவைக்கிற படிப்பு.

அரும்புக்கு அடுத்த நிலைகளான ‘மொட்டு’க்குக் கணக்கு, ‘மலரு’க்குக் கதை என்று பாடம் நன்றாகவே ஓடியது. அப்போது வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். கையெல்லாம் கீரை. தூக்கிப் பிடித்த சிலேட்டில் அவள் பெயர், ஓரெழுத்து விடாமல், முதன்முதலாக.

“டீச்சர், நானே எழுதிட்டேன்!”

மேடம் திரும்பினார். “இவ உன் கிளாஸா?”

மூன்று மாதமாக அந்த விரலைப் பிடித்து எழுதவைத்தவள் ஜெபராணி. மேடத்தின் முதுகுக்குப் பின்னால் தலைமையாசிரியை கண்ணை உருட்டினார்.

“பக்கத்து கிளாஸ், மேடம்” என்றாள் ஜெபராணி.

முத்துப்பேச்சி டீச்சரின் முகத்தையே பார்த்தாள். பிறகு சிலேட்டை மெல்ல முதுகுப்பக்கம் கொண்டுபோனாள்.

“ஆமா மேடம், நான் பக்கத்து கிளாஸு” என்றாள்.