அனுப்புநர்: அக்கா

பதினெட்டு நாட்களாக எங்கள் அலுவலக மெயில் சர்வரில் அனுப்புநர் சரிபார்ப்பை நான் நிறுத்தி வைத்திருந்தேன். ஒருவர் பெயரில் இன்னொருவர் மெயில் அனுப்பினால் அது கண்டுபிடித்துத் திருப்பிவிடும். தினமும் காலை ஒன்பது பத்துக்கு அக்காவின் முகவரியிலிருந்து எனக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்தது: "வந்து சேர்ந்தியா?" சரிபார்ப்பை இயக்கினால் அது நின்றுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். போலியாகவே இருந்தாலும் அது எனக்கு வேண்டியிருந்தது.

நேற்று மேலாளர் பார்த்துவிட்டார். "கதவைத் திறந்து போட்டுட்டா காவல் காக்குறே?" என்று கேட்டுவிட்டு அவரே அதை இயக்கினார்.

இன்றும் ஒன்பது பத்துக்கு மெயில் வந்தது. மேலாளர் என் பின்னால் நின்று அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்களை வரிவரியாகப் படித்தார். அனுப்பிய சர்வர் சரியாக இருந்தது. டிஜிட்டல் கையொப்பம் பொருந்தியது. சரிபார்ப்பின் மூன்று சோதனைகளிலும் மெயில் தேறியிருந்தது.

"இதுல என்னம்மா கோளாறு? உங்கக்காவேதான் அனுப்புறாங்க. ஒரு பதில் போட்டா குறைஞ்சா போயிடுவே?"

"அக்கா இல்ல சார்."

"ஏன், ஊர்ல இல்லையா?"

அதற்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

"செத்துப்போயிட்டா சார்."